டாஃப்னியில் ‘டிகிரீசஸ்’: எழுதுவதா, விடுவதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வந்து படிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் இது. நிரல் சரிதானா என்று நிரூபித்துப் பார்க்கும் நிரல்மொழி டாஃப்னி (Dafny). தன்னையே அழைக்கும் நிரல்பகுதியோ சுழற்சியோ முடிவில்லாமல் ஓடாது என்று காட்ட, ஒவ்வொரு முறையும் எந்த அளவு குறைகிறது என்று சொல்லும் வரியே ‘டிகிரீசஸ்’ (decreases).

உழைப்பு: விட்டால் ஒன்றுமில்லை, எழுதினால் ஒரு வரி.

உறுதி: எழுதாவிட்டால், அளபுருக்களை (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளை) அவை வரும் வரிசையிலேயே அகராதி முறையில், அதாவது முதலாவது மாறாவிட்டால் மட்டும் அடுத்ததைப் பார்த்து, ஒப்பிட்டு, ஒவ்வோர் அழைப்பிலும் குறைகிறதா என்று டாஃப்னி பார்க்கும். மீப்பெரு பொது வகுத்தியை 12, 18 என்று அழைத்தால் அடுத்த அழைப்பு 18, 12 (இரண்டாம் எண்ணும், முதல் எண்ணை அதனால் வகுத்த மீதியும்). முதல் எண் ஏறிவிடுவதால் நிரூபணம் தோற்கும். இரண்டாம் எண்ணே அளவு என்று எழுதியதும் தேறிவிடும். அளபுருக்களின் வரிசையை மாற்றினால் டாஃப்னியின் இந்த ஊகமும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பதிப்பு மாற்றம்: டாஃப்னியின் 4ஆம் பதிப்பில், இயக்கவும் கூடிய ஃபங்ஷனைக் குறித்த ‘ஃபங்ஷன் மெத்தட்’ வெறும் ‘ஃபங்ஷன்’ ஆனபோதும் இந்த வரி அப்படியே நின்றது.

எண்ணிக்கொண்டே போகும் எளிய சுழற்சிக்கு ஊகமே போதும். பிறர் கைவைக்கப்போகும், தன்னையே அழைக்கும் ஃபங்ஷனுக்கு எழுதிவிடுவதே என் தேர்வு. டிகிரீசஸில் நட்சத்திரக் குறியிட்டு (*) இந்த நிரூபணத்திலிருந்து தப்பும் வழி மெத்தடுகளுக்கு (கட்டளைகளால் ஆன நிரல்பகுதிகளுக்கு) உண்டு, ஃபங்ஷன்களுக்கு இல்லை.