நியூஸ்லெட்டருக்குத் தனி வழி: அமேசான் எஸ்இஎஸ் எந்த அளவுக்கு உதவும்?

ஆபீஸ் மெயில் சர்வரிலிருந்தே 20,000 பேருக்கு நியூஸ்லெட்டர் அனுப்பினால் அடி வாங்குவது இன்வாய்ஸும் கொட்டேஷனும்தான். நியூஸ்லெட்டரும் இவையும் ஒரே ஐபியில் (சர்வரின் இணைய முகவரி), ஒரே டொமைன் பெயரில் போகின்றன. ஸ்பேம் என்று பலர் புகார் தட்டினால் கெட்ட பெயர் இரண்டுக்கும் சேர்ந்தே வரும். மொத்தமாக அனுப்பும் அஞ்சலைத் தனியே பிரித்தெடுக்க, அமேசானின் அஞ்சல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ் நல்ல கருவி, மலிவும்கூட: 1,000 அஞ்சலுக்கு 10 அமெரிக்க சென்ட். ஆனால் அது அனுப்பும் குழாய் மட்டுமே. முகவரிப் பட்டியலைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு.

புதிய கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில் தொடங்கும்: 24 மணி நேரத்தில் 200 அஞ்சல், நொடிக்கு ஒன்று, அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்கும்போது முகவரிகள் எப்படிச் சேர்ந்தன, பவுன்ஸ் (சேராமல் திரும்பும் அஞ்சல்) வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை விவரமாக எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முதன்மை டொமைனைத் தொடாமல், ‘நியூஸ்’ போன்ற ஒரு சப்டொமைனை (டொமைனின் கிளைப் பெயர்) எஸ்இஎஸ்ஸில் சேர்ப்பது நல்லது. அஞ்சலில் உங்கள் டொமைனின் டிஜிட்டல் கையொப்பமான டிகேஐஎம்முக்கு மூன்று சிநேம் பதிவுகள் தருவார்கள். டொமைனின் டிஎன்எஸ் அமைப்புப் பட்டியலில் போட்டால் போதும். பலர் விட்டுவிடுவது ‘கஸ்டம் மெயில் ஃப்ரம்’. அதை அமைக்காவிட்டால் உறையில் (பெறுபவருக்குத் தெரியாத, பவுன்ஸ் திரும்பும் முகவரி) இருக்கும் அனுப்புநர் அமேசானின் டொமைன்தான். எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) தேறும், ஆனால் உங்கள் டொமைனோடு பொருந்தாததால் டிமார்க்குக்கு (அனுப்புநராகத் தெரியும் டொமைன் உண்மையா என்று பார்க்கும் சோதனை) உதவாது. அதற்கென்று இன்னொரு சப்டொமைன் வேண்டும்: அதில் ஒரே ஒரு எம்எக்ஸ் (அஞ்சல் பெறும் சர்வரைச் சொல்லும் பதிவு), ஒரு எஸ்பிஎஃப். இரண்டாவது எம்எக்ஸ் இருந்தால் அமைப்பு தேறாது. இதில் ஒரு லாபமும் உண்டு: கம்பெனியின் முதன்மை எஸ்பிஎஃப்பில் எதையும் சேர்க்க வேண்டாம், அதைச் சரிபார்க்க அனுமதிக்கும் 10 டிஎன்எஸ் தேடல் வரம்பும் நிரம்பாது.

பதில் போய்ச் சேரும் முகவரியான ‘ரிப்ளை-டு’வில் ஆபீஸ் முகவரியைப் போட மறக்காதீர்கள். நியூஸ் சப்டொமைனில் அஞ்சல் பெறும் சர்வர் இல்லை. வாடிக்கையாளரின் பதில் திரும்பிப் போய்விடும்.

அதிகம் சறுக்குவது பழைய பட்டியலில். பவுன்ஸ் 5% தொட்டால் கணக்கு ஆய்வுக்குப் போகும், 10% ஆனால் அனுப்புவதையே நிறுத்திவிடலாம். புகாருக்கு இந்த எல்லைகள் 0.1%, 0.5%. அதனால் கடந்த சில மாதங்களில் திறந்து படித்தவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். செத்த முகவரிகளை எஸ்இஎஸ்ஸின் தடைப்பட்டியல் மறிக்கும், ஆனால் உங்கள் டேட்டாபேஸுக்கு அது தெரியாது; அமேசானின் அறிவிப்புச் சேவையான எஸ்என்எஸ் வழியாகப் பவுன்ஸ் அறிவிப்புகளை வாங்கி நீங்களே நீக்க வேண்டும். ஜிமெயில் பயனர்களின் புகார்கள் எஸ்இஎஸ் கணக்கில் வருவதே இல்லை. அங்கே எண் பச்சையாக இருப்பதை நம்பாமல் ஜிமெயிலில் உங்கள் அஞ்சல் மீதான புகார் விகிதத்தைக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸையும் பாருங்கள், அங்கே அது 0.3% எட்டவே கூடாது.

பிப்ரவரி 2024 முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளுக்கு 5,000 அஞ்சலோ அதற்கு மேலோ அனுப்புவோர் விளம்பர அஞ்சலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும். சப்டொமைன்களிலிருந்து போவதும் முதன்மை டொமைன் கணக்கில்தான் சேரும். பிரித்துவிட்டதால் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது. அதுபோல, சப்டொமைன் செய்யும் சேதம் முதன்மை டொமைனை ஓரளவு தொடவே செய்யும்.

தனி ஐபி வாங்குவது தினமும் சீராகப் பெரும் எண்ணிக்கையில் அஞ்சல் அனுப்புவோருக்கே சரி. மாதம் ஒருமுறை நியூஸ்லெட்டர் என்றால் அந்த ஐபி பெயர் சம்பாதிக்கவே முடியாது. பலர் பகிரும் பொது ஐபித் தொகுப்பிலேயே இருங்கள்.