விரல் நுனி ரத்தமா, சிறுநீர்ப் பட்டையா? கீட்டோன் அளவை எதில் பார்ப்பது?

சிறுநீரில் நனைத்த பட்டையை நிற அட்டைக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். விளக்கு மங்கலாக இருந்தால் ஒருவர் 'இரண்டு பிளஸ்' என்பார், பக்கத்தில் நிற்பவர் 'மூன்று' என்பார். ஆனால் நிறத்தைப் படிப்பதில் வரும் குழப்பம் சின்னக் குறைதான். பட்டை எதை அளக்கிறது என்பதில்தான் பெரிய குறை இருக்கிறது.

சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது மூன்று கீட்டோன்கள் உருவாகின்றன: அசிட்டோஅசிட்டேட், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், அசிட்டோன். சாதாரண நிலையில் முதல் இரண்டும் ஏறத்தாழ சமமாக இருக்கும். ரத்தம் அமிலமாகும் நெருக்கடியில், அதாவது கீட்டோ அமிலத்தேக்கத்தில், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் மூன்று மடங்கு முதல் பத்து மடங்கு வரை மிகுந்துவிடும். சிறுநீர்ப் பட்டைக்கு அது கண்ணிலேயே படாது. பட்டை காட்டுவது அசிட்டோஅசிட்டேட்டை. இன்சுலின் ஏறியதும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால், நோயாளி தேறிவரும் நேரத்தில் பட்டை இன்னும் கருத்துக்கொண்டே போகலாம்! போதாக்குறைக்கு, பட்டையில் தெரிவது சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகத் தேங்கிய பழைய கதை. நீரிழப்பில் சிறுநீரே வராதவரிடம் அந்தக் கதைக்கும் வழியில்லை. கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை இல்லாத கீட்டோனை இருப்பதாகக் காட்டும். திறந்து கிடந்த டப்பாவின் பட்டை இருப்பதையும் மறைக்கும்.

விரல் நுனிக் கருவி பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டையே அளக்கிறது. ஒரு சொட்டு ரத்தம், சுமார் 10 விநாடி, கையில் ஓர் எண். லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை; 3 அல்லது அதற்கு மேல் என்றால் கீட்டோ அமிலத்தேக்கம் என்று சந்தேகித்தே ஆக வேண்டும். 2024இல் வெளியான சர்வதேச ஒருமித்த அறிக்கையும் இந்த 3ஐயே வரம்பாக வைத்திருக்கிறது. சிறுநீரில் இரண்டு பிளஸ்ஸையும் அது ஏற்கிறது.

கருவி எல்லா இடத்திலும் ஒரே அளவு துல்லியமானது அல்ல. 3 வரை ஆய்வக முடிவோடு நன்றாகவே ஒத்துப்போகும். 5, 6 என்று ஏறும்போது இடைவெளி விரியத் தொடங்கும். இதைப் பெரிய குற்றமாக நான் எண்ணவில்லை. முடிவெடுக்கும் இடம் 3க்கு அருகில் இருக்கிறது, அங்கே கருவி உறுதியாக நிற்கிறது. 6.2 உண்மையில் 7ஆக இருந்தாலும் சிகிச்சை அதேதான். இடறல் பின்னால் வருகிறது: சிகிச்சையில் கீட்டோன் மணிக்கு 0.5 வீதம் இறங்குகிறதா என்று பார்க்கும்போது, உச்சத்தில் எடுத்த இரண்டு எண்களின் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அங்கே ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டையும் ரத்தத்தின் அமிலத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வகச் சோதனை இவை இரண்டையும்விடத் துல்லியமானது, ஆனால் முடிவு வரக் காத்திருக்க வேண்டும். மூச்சில் அசிட்டோன் பார்க்கும் கருவிகளை நெருக்கடி நேரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு என் தேர்வில் தயக்கமே இல்லை: விரல் நுனிதான். அவர்களுக்குச் சர்க்கரை (டெசிலிட்டருக்கு) 200 மில்லிகிராமைத் தாண்டாமலேயே ரத்தம் அமிலமாகலாம். சர்க்கரை எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைந்தால் வாந்தியும் மூச்சிரைப்பும் வேறு ஏதோ என்று ஒதுக்கப்பட்டுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சர்க்கரைப் பட்டையும் கீட்டோன் பட்டையும் சில கருவிகளில் ஒன்றாகவே நுழையும்; கீட்டோன் என்று எழுதாமல் 3.5 என்று மட்டும் குறித்து வைத்தால், சர்க்கரையையும் மில்லிமோலில் எழுதும் இடத்தில் அது தாழ்சர்க்கரையாகப் படிக்கப்பட்டு, தர வேண்டிய இன்சுலின் நிறுத்தப்படலாம். அடுத்தது, அதிர்ச்சி நிலையில் கை சில்லிட்டு விரலில் ரத்த ஓட்டம் குன்றியவரிடம் விரல் சொட்டை நம்பாமல், சிரை ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தையே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.