யெல்லோஸ்டோனில் கொதிசேறு: மூன்று இடங்களில் எதற்குப் போகலாம்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கொதிசேறு பார்க்க எளிதில் போகக்கூடிய இடங்கள் மூன்று: ஃபவுண்டன் பெயின்ட் பாட், ஆர்ட்டிஸ்ட்ஸ் பெயின்ட்பாட்ஸ், மட் வால்கனோ. முதல் இரண்டும் பூங்காவின் மேற்குப் பக்கம், மூன்றாவது கிழக்கே. ஒரே நாளில் மூன்றையும் சுற்றுவது அலைச்சல் என்பதால் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். வெந்நீர் ஊற்றுக்கு நிலத்தடி நீர் ஏராளமாக வேண்டும். அது குறைவாக இருக்கும் இடத்தில், கீழிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை நுண்ணுயிரிகள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பாறையை அரித்துக் களிமண்ணாக்குகிறது. வாயுவும் நீராவியும் அதைக் கிளறிக்கொண்டு மேலே வரும்போது, அடுப்பில் கூழ் கொதிப்பதுபோல் 'பொளக், பொளக்' என்று வெடிக்கிறது.

நேரம் குறைவு, கூடவே குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள் என்றால் ஃபவுண்டன் பெயின்ட் பாட்தான் சரி. புகழ்பெற்ற பீறிடும் ஊற்றான ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போகும் சாலையிலேயே இருக்கிறது. சுமார் 800 மீட்டர் பலகைப் பாதைக்குள் வெந்நீர் ஊற்று, பீறிடும் ஊற்று, நீராவித் துளை, கொதிசேறு என நால்வகையும் பார்த்துவிடலாம். சேற்றில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருப்பதால் இளஞ்சிவப்பு, பழுப்பு எனப் பல நிறங்கள். குறை என்னவென்றால், கூட்டம்.

சேற்றுக்காகவே போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு ஆர்ட்டிஸ்ட்ஸ் பெயின்ட்பாட்ஸ். பூங்காவின் நாரிஸ் பகுதிக்குத் தெற்கே சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கிறது. போய்வர ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டும். 1988 காட்டுத்தீக்குப் பிறகு முளைத்த பைன் மரங்களுக்கு நடுவே போகும் பாதை, கடைசியில் மேடேறுகிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் சிரமம். ஆனால் நல்ல சேறு மேலேதான் இருக்கிறது. வெளுத்த சாம்பல் நிறச் சேற்றின் நடுவே ஒரு குமிழி மெதுவாக உப்பி, உச்சியில் மெலிந்து உடைகிறது. தெறித்த கட்டி விளிம்பில் அப்பிக்கொள்ள, வட்டம் வட்டமாக வரி விழுகிறது. அந்த வரி மறைவதற்குள் அடுத்த குமிழி. இங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சில சமயம் சேறு பாதை வரைக்கும் தெறிக்கும், கேமராவை மூடிக்கொள்ளுங்கள்.

பருவமும் முக்கியம். பனி உருகிய கையோடு, ஜூனில் போனால் சேறு நீர்த்து, கலங்கிய குளம் மாதிரி கொதிக்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கெட்டியாகிவிடும். குமிழிகளின் அழகு அப்போதுதான்.

மட் வால்கனோ வேறு ரகம். இங்கே சேற்றைவிடச் சத்தமும் நாற்றமும்தான் நினைவில் நிற்கும். அழுகிய முட்டை வாடை வண்டியை நிறுத்தும்போதே வந்துவிடும், ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்த்துவிடலாம். 1870ல் இந்தப் பகுதியை ஆராய வந்த வாஷ்பர்ன் குழுவினர், இந்தச் சேற்றெரிமலை மரங்களின் உயரத்துக்குச் சேற்றை வீசியதைப் பார்த்தார்கள். 1872ல் அந்தக் கூம்பே வெடித்துச் சிதறியிருந்தது, இப்போது குமிழியிடும் குழிதான் மிச்சம். பக்கத்தில் டிராகன்ஸ் மவுத் என்ற குகைக்குள்ளிருந்து நீராவி உறுமலோடு வருகிறது. 1978ல் தொடங்கிய தொடர் நில அதிர்வுகளுக்குப் பிறகு சரிவின் மண் சூடேறி மரங்கள் வேரோடு வெந்துபோயின. நிலம் மாறிக்கொண்டே இருப்பதைக் கண்முன் காட்டுவதில் மற்ற இரண்டும் இதற்கு ஈடில்லை.

எங்கே போனாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும் மண் மெல்லிய ஓடாக இருக்கலாம், கீழே கொதிக்கும் நீர். இந்தப் பூங்காவின் வெந்நீரில் வெந்து 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். குழந்தைகளின் கையை விடவே கூடாது.

மட் வால்கனோ போவதானால் காலையிலேயே கிளம்புங்கள். அதற்குப் பக்கத்திலுள்ள ஹேடன் பள்ளத்தாக்கில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நடைபாதையிலேயே ஒன்று படுத்திருந்தால் 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. அது எழுந்து போகவில்லை என்றால், நீங்கள் திரும்பிவிடுங்கள்.