தக்காளி டைமர்: தம்பியின் மூன்றாம் செமஸ்டரிலிருந்து இறுதியாண்டு வரை

தம்பி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பொறியியல் படிக்கிறான். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர், முடிக்காத ரெகார்டு நோட்டுகள், தலைக்கு மேல் இன்டர்னல் தேர்வு. "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா" என்று போனும் கையுமாகப் படுத்திருப்பான். வீட்டில் சோம்பேறி என்று திட்டினார்கள். எனக்கு அவன் பயந்துபோயிருப்பதாகத்தான் பட்டது. உளவியல் ஆய்வாளர்கள் டிமோத்தி பிச்சில், ஃபூஷியா சிரோயிஸ் 2013-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இதையே சொல்கிறது: ஒரு வேலை கிளப்பும் மனச்சங்கடத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கத்தான் அதைத் தள்ளிப்போடுகிறோம்.

அப்போது பிடித்துக்கொண்டதுதான் பொமோடோரோ முறை. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ டைமரை வைத்து உருவாக்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு.

டைமர் மட்டும் வேலைக்கு ஆகவில்லை. அது பாட்டுக்கு ஓடும், இவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பான். முந்தைய இரவே துண்டுச்சீட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. "எம்-3 படி" என்று மூன்றாம் செமஸ்டர் கணிதத்தை மொத்தமாக எழுதினால் புத்தகத்தைத் திறக்கவே மாட்டான். "ஃபூரியர் தொடர், 2 மார்க் கேள்வி, முதல் மூன்று மட்டும்" என்று எழுதி, நோட்டில் அந்தப் பக்கத்திலேயே பேனாவோடு வைத்துவிட்டால் காலையில் உட்கார்ந்துவிடுவான். செமஸ்டர் வினாத்தாளில் 2 மார்க் கேள்விகளுக்கே 20 மதிப்பெண். அவை கைக்குள் வந்ததும் 13 மார்க் கணக்குகளைத் தொடும் தைரியம் தானாக வந்தது.

ஓய்வு நேரம்தான் பெரிய ஓட்டை. போனிலேயே டைமர் வைத்தால் 5 நிமிட ரீல்ஸ் முக்கால் மணி நேரமாகிவிடும். அதனால் முறுக்கி வைக்கிற சாதாரண சமையலறை டைமர் ஒன்று வாங்கினோம். போன் ஹாலில், டைமர் மேஜையில். இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ரெகார்டு எழுத, 2 மார்க் மனப்பாடம் செய்ய 25 நிமிடம் அருமை. கோடிங்குக்கு ஒத்துவரவில்லை, பிழையைத் துரத்திக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் எரிச்சல்தான் மிச்சம். இப்போது புராஜெக்ட் வேலைக்கு 50 நிமிடம், 10 நிமிடம் என்று மாற்றிக்கொண்டான். கல்லூரி விழா சமயங்களில் பழக்கம் அடியோடு விட்டுப்போகும். திரும்பவும் ஒரே ஒரு சுற்றில்தான் ஆரம்பிப்போம்.

அரியர் இரண்டும் போய்விட்டன. அதில் டைமருக்கு எவ்வளவு பங்கோ, பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு. அவன் படிக்கும்போது நான் என் ஆபீஸ் வேலையைப் பார்ப்பேன், பேச்சே கிடையாது. விடுதிக்குப் போனபிறகு அதையே வீடியோ காலில், மைக்கை அணைத்துவிட்டுத் தொடர்கிறோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தால் டைமர் வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் அதற்குக் கூப்பிடுங்கள்.