மருந்தடிக்கும் கைக்கு எந்தக் கையுறை?

எங்கள் பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்க வருபவர்கள் நாலு பேர். 2017-ல் பெரம்பலூர் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்த செய்தி வந்ததிலிருந்து, கையுறை இல்லாமல் யாரையும் டேங்கைத் தொட விடுவதில்லை. மூன்று வகை வாங்கிப் பார்த்துவிட்டேன்: ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய லேடெக்ஸ், உள்ளே துணி வைத்த ரப்பர், உள்ளே எதுவும் இல்லாத கெட்டி நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்).

லேடெக்ஸை விட்டுவிடலாம். பருத்திக் குச்சி உரசினாலே கிழியும். 'ஈசி' (EC, தண்ணீரில் ஊற்றினால் பால் போலக் கலங்கும்) வகை மருந்தில் இருக்கும் எண்ணெய்க் கரைப்பான் பட்டால் ஊறி உப்பிவிடும்.

துணி வைத்ததுதான் ஆட்களுக்குப் பிடித்தது. விலை குறைவு, வேர்வையையும் இழுத்துக்கொள்ளும். "அண்ணே, இதுதான் கைக்கு இதமா இருக்கு" என்றார்கள். நானும் ஒரு பட்டம் முழுக்க அதையே கொடுத்தேன். ஒரு சாயங்காலம் ஒரு ஜோடியை உள்வெளியாகத் திருப்பினேன். மணிக்கட்டு ஓரத்தில் துணி பழுப்பாக ஊறியிருந்தது, குப்பென்று மருந்து வாடை. பாட்டிலைத் திறந்து ஊற்றும்போது வழிந்தது உள்ளே இறங்கியிருக்கிறது. லிட்டருக்கு 2 மில்லி கலக்கிற மருந்து என்றால், பாட்டிலில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு அடர்த்தி. அதில் நனைந்த துணியைத்தான் மறுநாளும் மாட்டியிருக்கிறார்கள். வெறும் கை என்றால் சோப்புப் போட்டாவது கழுவியிருப்பார்கள். துணியில் ஏறியது எத்தனை தரம் அலசினாலும் முழுசாகப் போகாது. வேர்த்துச் சூடான தோலோடு நாள் முழுக்க ஒட்டிக் கிடக்கும்.

அதனால் இப்போது நைட்ரைல்தான். விலை கூடுதல், ஆனால் கழுவ முடியும். எனக்கு அது ஒன்றே போதும். வேலை முடிந்ததும் கையில் மாட்டியபடியே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்றி, கையையும் கழுவ வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றி அமுக்கிப் பார்ப்போம். ஊசிமுனை அளவு கசிந்தாலும் குப்பைக்குத்தான்.

வாங்கும்போது கவனியுங்கள்: நைட்ரைலிலும் உள்ளே பஞ்சுத்தூள் ஒட்டியவை நிறைய வருகின்றன, அவை வேண்டாம். 0.38 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். முன்கையில் பாதி வரை, திரவம் ஊடுருவாத கையுறை வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. செடி இடுப்பளவு இருக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே தொங்க வேண்டும். தலைக்கு மேல் அடிக்கும்போது உள்ளே செருக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வேர்வை தேங்கி விரல் வெளுத்துச் சுருங்குகிறது. இரண்டு டேங்குக்கு ஒரு முறை கையுறையைக் கழுவிக் கழற்றி, கையை உலர்த்தச் சொல்கிறேன். நாங்கள் போட்டதெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையில் எள்ளுக்கு அடிக்கும்போது ஆட்கள் தாங்குவார்களா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.