120 கிராமா 180 கிராமா: ட்ரெயில் ரன்னிங்குக்கு எந்த மழை ஜாக்கெட் வாங்கலாம்?

ட்ரெயில் ரன்னிங்குக்கு மழை ஜாக்கெட் வாங்கணும்னு யாராவது கேட்டா நான் முதல்ல திருப்பி கேக்குறது எந்த மலைல ஓடப்போறீங்க, மழை பெய்யும்போது அங்க எத்தனை டிகிரி இருக்கும்னுதான். பட்ஜெட், பிராண்டு, கலர் எல்லாம் அப்புறம். ஏன்னா வால்பாறைல ஜூலை மாசம் ஓடுறவருக்கும் பிரான்ஸ்ல ஷாமொனில, ஆல்ப்ஸ் மலைல நடக்குற யூடிஎம்பி ரேஸ் ஓடப்போறவருக்கும் ஒரே ஜாக்கெட்டை சொல்ற ரிவ்யூதான் நெட் பூரா கிடக்கு, அதுல முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, அவங்க சொல்றது அவங்க ஊருக்கு சரிதான், நமக்கு பாதிதான் பொருந்தும்.

முதல்ல, தண்ணி எவ்ளோ தாங்கும்னு ஜாக்கெட் லேபிள்ல போட்டிருக்குற நம்பர். 10,000 எம்எம்னு போட்டிருந்தா அந்தத் துணி மேல பத்து மீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னாத்தான் கசியும்னு அர்த்தம். மழைத்துளி அவ்ளோ அழுத்தம் எல்லாம் குடுக்காது, பை பட்டை தோள்ல அழுத்துற இடம்தான் கொஞ்சம் டேஞ்சர், அதுக்கும் ரன்னிங் வெஸ்ட் (ஓடும்போது மாட்டிக்கிற, தண்ணி பாட்டில் வெக்குற சின்ன பை) கனத்துக்கு 10,000 தாராளம். அதனால 20,000 இருக்குன்னு கூடுதல் காசு குடுக்குறதுக்கு முன்னாடி யோசிங்க. தண்ணி உள்ள வர்றது பிரச்சனையே இல்ல, வேர்வை வெளிய போறதுதான் பிரச்சனை.

வேர்வை வெளிய போறதுக்கும் லேபிள்ல ஒரு நம்பர் இருக்கும், அதையும் ஒரு கணக்கு போட்டு பாருங்க. 20,000ன்னு போட்டிருந்தா ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல 20,000 கிராம் ஆவி வெளிய போகும்னு லேப்ல அளந்திருக்காங்க. ஜாக்கெட் ஒண்ணரை சதுர மீட்டர்னு வெச்சா மணிக்கு 1,250 கிராம், 10,000 ஜாக்கெட்னா அதுல பாதி, 625 கிராம். ஏத்தத்துல வேகமா போனா நமக்கு மணிக்கு ஒரு லிட்டர் வேர்க்குறது சாதாரணம். அப்போ 20,000 வாங்கினா தப்பிச்சோம்னு தோணும், ஆனா லேப்ல இருக்குற சூழ்நிலை மலைல இல்லையே. ஆவி வெளிய போகணும்னா உள்ளயும் வெளியவும் ஆவி அழுத்தத்துல வித்தியாசம் வேணும். தோல் பக்கம் 33 டிகிரி, முழு ஈரம்னு வெச்சா சுமார் 5 கிலோபாஸ்கல். வெளிய ஆல்ப்ஸ்ல 5 டிகிரி மழைன்னா 0.9தான், வித்தியாசம் நாலுக்கு மேல, ஆவி நல்லா தள்ளிட்டு போகும். வால்பாறை மாதிரி 20 டிகிரி மழைன்னா வெளிய 2.3, வித்தியாசம் ரெண்டே முக்கால். சென்னைல நவம்பர்ல 26 டிகிரி மழைல ஓடினா வெளியவே 3.4 இருக்கும், மிச்சம் 1.6. அதாவது ஆல்ப்ஸ்ல வேலை செய்யுற அதே முன்னூறு டாலர் ஜாக்கெட் சென்னை மழைல பாதி கூட வேலை செய்யாது, இது கம்பெனியோட குத்தம் இல்ல, பிசிக்ஸ்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு இப்போ ஒவ்வொண்ணா பாக்கலாம்.

ஷேக்ட்ரை பத்தி முதல்லயே பேசி முடிச்சிடலாம், ஏன்னா எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. கோர் கம்பெனி பண்ண துணி இது, வழக்கமா மெம்ப்ரேன் (தண்ணியை நிறுத்தி ஆவியை மட்டும் வெளிய விடுற மெல்லிசு படலம்) மேல ஒரு வெளித்துணி இருக்கும், இதுல அது கிடையாது, மெம்ப்ரேனே வெளிய தெரியும். அதனால ஊறிப்போக துணியே இல்ல, தண்ணி முத்து முத்தா நிக்கும், ஒரு உதறு உதறினா காஞ்சுடும். கோர்வேர் ஆர்7, ஆர்க்டெரிக்ஸ் நார்வன் எஸ்எல் ரெண்டுமே 120 கிராம் பக்கம்தான். ஓட்டத்துக்குன்னு வந்த மழை ஜாக்கெட்ல இதை விட நல்லா மூச்சு விட்டது எனக்கு தெரிஞ்சு இல்ல. ஆனா ஃப்ளோரின் கெமிக்கல் அழியாம மண்ணுலயும் தண்ணிலயும் தங்கிடுதுங்கற சர்ச்சைல கோர் இதோட உற்பத்தியையே நிறுத்திடுச்சு, இப்போ கிடைக்குறது பழைய ஸ்டாக்கோ செகண்ட் ஹேண்டோதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க தோள்பட்டையையும் இடுப்பையும் வெளிச்சத்துல பிடிச்சு பாருங்க, பை பட்டை உரசுற இடத்துல மெம்ப்ரேனுக்கு பாதுகாப்பே கிடையாது, பை மாட்டி ஓடுறவங்களுக்கு இது ரொம்ப நாள் தாங்காது. முள்ளுக்காட்டுல போறவங்க கிட்ட இதை நான் சொல்லவே மாட்டேன். நீங்க ரோட்ல ஓடுறவரோ சைக்கிள்காரரோன்னா, கிடைச்சா விடாதீங்க.

அடுத்தது ரெண்டரை லேயர், மார்க்கெட்ல பாதிக்கு மேல இதுதான். வெளித்துணி ஒரு லேயர், மெம்ப்ரேன் ஒரு லேயர், உள்ள ஒரு மெல்லிசு பிரிண்ட் அடிச்சிருப்பாங்க அதை அரைன்னு கணக்கு பண்றாங்க. இனோவ்8 ஸ்டார்ம்ஷெல் 150-175 கிராம் (வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும்), அவுட்டோர் ரிசர்ச் ஹீலியம் 180 கிராம் கிட்ட, சாலமன் பொனாட்டி இன்னும் கொஞ்சம் கனம். ஸ்டார்ம்ஷெல் ஓட்டத்துக்குன்னே வெட்டினது, தொப்பி தலையோட நிக்கும், கை மணிக்கட்டுல நல்லா பிடிக்கும். ஹீலியம் அடிப்படைல ட்ரெக்கிங் ஜாக்கெட், உடம்பு கொஞ்சம் லூசு, அக்குள்ல ஜிப் கிடையாது, ஆனா துணி உறுதி, உன்னிச்செடி கீறினாலும் சட்டுனு கிழியாது. நீலகிரி, வால்பாறை, சிக்மகளூர் பக்கம் ஓடுற ஆளுக்கு இந்த ரெண்டுக்கு நடுவுல நான் ஹீலியம் பக்கம்தான் சாய்வேன், 20 கிராம் மிச்சம் பண்ணி முதல் முள்ளுலயே ஓட்டை போட்டுக்கறதுல என்ன பிரயோஜனம் சொல்லுங்க. பொனாட்டி 10,000 ரேட்டிங், ரேஸ்ல நிறைய பேர் மேல பாக்கலாம், குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆஹான்னு சொல்லவும் ஒண்ணும் இல்ல.

ரெண்டரை லேயரோட பெரிய தொல்லை அந்த அரை லேயர்தான். அரைக்கை டீசர்ட் போட்டு ஓடினா முழங்கைல இருந்து கீழ அப்பளம் போட்ட எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒட்டும், கழட்ட போனா கையோட வரும். முழுக்கை மெல்லிசு பனியன் ஒண்ணு உள்ள போட்டா பாதி பிரச்சனை தீர்ந்துடும்.

மூணு லேயர்ல உள்ள நிஜமாவே ஒரு மெல்லிசு துணி ஒட்டியிருக்கும், தோல்ல ஒட்டாது, வேர்வையை பரப்பி விடும், மெம்ப்ரேனும் ரொம்ப நாள் உழைக்கும். முன்னாடி எல்லாம் இது கனம், இப்போ பேட்டகோனியா ஸ்டார்ம் ரேசர் மாதிரி 170 கிராம் கிட்டயே மூணு லேயர் குடுக்குறாங்க. அதாவது ஹீலியத்தை விட கனம் கம்மி, உடம்புக்கு சுகம் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. இமயமலை, ஆல்ப்ஸ், ஸ்காட்லாந்து மாதிரி மணிக்கணக்கா ஜாக்கெட்டை கழட்டாம ஓட வேண்டிய இடத்துக்கு போறீங்கன்னா காசை இங்க போடுங்க, மத்தவங்களுக்கு அவசியம் இல்ல.

இப்போ ஒரு கசப்பான ஆப்ஷன், விண்ட் ஜாக்கெட். பேட்டகோனியா ஹூடினி 105 கிராம், வாட்டர்ப்ரூஃப் கிடையாது, தூறலை கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் நனையும், ஆனா காத்தை நிறுத்தும், சட்டுனு காயும். 20 டிகிரி மழைல, ஓடிட்டே இருக்குற வரைக்கும், என் கணக்குல இதுதான் ஜெயிக்குது. எப்படியும் நனையத்தான் போறோம், மழைல நனையுறோமா வேர்வைல நனையுறோமான்னுதான் வித்தியாசம், அப்போ லேசான, மூச்சு விடுற துணியே மேல். ஆனா இதுல ஒரு பெரிய ஆனா இருக்கு.

ஓடிட்டே இருக்குற வரைக்கும்னு சொன்னேன் இல்லையா, கால் பிசகி நின்னுட்டா என்ன ஆகும்? ஓடும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரியுது, நின்ன பத்து நிமிஷத்துல நனைஞ்ச டீசர்ட் மேல காத்து பட்டா சூடு பூரா போயிடும். 2021 மே 22 அன்னிக்கு சீனால கான்சு மாகாணத்துல நடந்த 100 கிலோமீட்டர் ரேஸை ஞாபகம் வெச்சுக்கோங்க. 172 பேர் ஓடினாங்க, மேல ஏறின நேரத்துல ஆலங்கட்டி, உறைபனி மழை, சூறைக்காத்து எல்லாம் ஒண்ணா வந்து 21 பேர் இறந்து போனாங்க, சீனாவோட டாப் அல்ட்ரா ரன்னர்களும் (மாரத்தானை விட நீளமான ரேஸ் ஓடுறவங்க) அதுல இருந்தாங்க. நிறைய பேர் ஷார்ட்ஸ் டீசர்ட்லதான் இருந்தாங்க. அந்த ரேஸ்ல ஜாக்கெட் கட்டாய லிஸ்ட்ல இல்ல, எடுத்துட்டு வந்தா நல்லதுங்கற லிஸ்ட்லதான் இருந்தது. மழை ஜாக்கெட் நம்மள காய வெச்சு வைக்க இல்ல, நிக்கும்போது சூடு போகாம பிடிச்சு வைக்கத்தான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சா கிராம் கணக்கு, ரேட்டிங் கணக்கு எல்லாம் தானா அதது இடத்துல போய் உக்காந்துக்கும்.

அதனாலதான் யூடிஎம்பி மாதிரி ரேஸ்ல விண்ட் ஜாக்கெட் செல்லாது. தொப்பியோட வாட்டர்ப்ரூஃப் மெம்ப்ரேன் ஜாக்கெட் வேணும், தையல் எல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டி சீல் பண்ணியிருக்கணும், 10,000 எம்எம் இருக்கணும்னும் ஆர்ஈடி 13க்கு கீழ இருக்கணும்னும் பரிந்துரை. ஆர்ஈடின்னா ஆவி வெளிய போறதுக்கு துணி குடுக்குற தடை, கம்மியா இருந்தா நல்லது, 6க்கு கீழ இருந்தா பிரமாதம். துணில வாட்டர்ப்ரூஃப் இல்லாத பகுதி இருக்கக் கூடாது, ஆனா கம்பெனியே அக்குள்லயோ முதுகுலயோ வெச்ச காத்து துவாரம் தண்ணி விடாத மாதிரி இருந்தா ஓகே. சோதனைல உள்பக்கத்தை திருப்பி டேப் இருக்கான்னு பாப்பாங்க, அதனால வாங்கும்போதே நீங்களும் திருப்பி பாத்துடுங்க. ரேஸுக்கு பைல வெச்சுக்கிட்டே போயி போடாமலே திரும்பி வர்றதுதான் உங்க பிளான்னா ரூல் படிக்கு பாஸ் ஆகுற லேசான ரெண்டரை லேயர் போதும், அங்க கிராம் எண்ணுறதுல அர்த்தம் இருக்கு.

காசு இல்லன்னா? ஃப்ராக் டாக்ஸ்னு ஒரு அமெரிக்கன் ஐட்டம், நெய்யாத பிளாஸ்டிக் துணி, மளிகைக்கடை பைக்கு அண்ணன்னு சொல்லலாம், 150 கிராம் சுத்தி, நெடுந்தூரம் நடக்குறவங்க இன்னும் இதை விடாம வாங்குறாங்க. மூச்சு விடுறது ஆச்சரியமா நல்லா இருக்கும், ஆனா நம்ம சோலைக்காட்டு வழில ஒரே முள்ளுல டர்ர்னு போயிடும். நம்ம ஊர்ல கைல தொட்டு போட்டு பாத்து வாங்க டெகாத்லானை விட்டா பெருசா வழி இல்ல, அவங்க ட்ரெயில் ஜாக்கெட் முன்னாடி எவாடிக்ட் பேர்ல வந்தது இப்போ கிப்ரன் பேர்ல வருது. பேரை பாக்காதீங்க, 10,000 இருக்கா, டேப் இருக்கா, தொப்பிக்கு முன்னாடி சின்ன விளிம்பு இருக்கா, இந்த மூணு மட்டும் பாருங்க. விளிம்பு இல்லாத தொப்பில மழை நேரா கண்ணுக்குள்ளதான், அப்போ உள்ள ஒரு கேப் போட்டுக்கணும். முதல் ஜாக்கெட் வாங்குறவருக்கு நான் டெகாத்லானுக்கு மேல போக சொல்ல மாட்டேன்.

பராமரிப்பு பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இங்கதான் நல்ல ஜாக்கெட் செத்துப்போகுது. வெளித்துணி மேல தண்ணி உருளுறதுக்கு ஒரு கோட்டிங் இருக்கும், அது போயிட்டா துணி ஊறிக்கும், மெம்ப்ரேன் நல்லா இருந்தாலும் ஆவி வெளிய போகாது, உள்ள ஈரமானதும் நாம ஜாக்கெட் ஒழுகுதுன்னு திட்டுவோம். முன்னாடி இந்த கோட்டிங் ஃப்ளோரின் கெமிக்கல்ல இருந்தது, இப்போ அதை எல்லாரும் விடுறாங்க, கலிஃபோர்னியால 2025 ஜனவரி 1ல இருந்து துணில தடை (கடும் மழைக்கான உடுப்புக்கு மட்டும் 2028 வரை டைம்). புது கோட்டிங் தண்ணியை தள்ளும், எண்ணெயை தள்ளாது. தலைல தேங்கா எண்ணெய் வெச்சிட்டு தொப்பியை போட்டு ஓடுறவங்க, சன்ஸ்க்ரீன் பூசின கையோட போடுறவங்க, உங்க ஜாக்கெட் அந்த இடத்துலதான் முதல்ல ஊறும். கம்ஃபர்ட் மாதிரி லிக்விட் ஒரு சொட்டு கூட படக்கூடாது, டெக் வாஷ் (இந்த மாதிரி துணிக்குன்னே வர்ற சோப்பு லிக்விட்) போட்டு நல்லா அலசி, டேக்ல அனுமதி இருந்தா லேசான சூட்ல ட்ரையர்லயோ மேல ஒரு துணி போட்டு அயர்ன் பாக்ஸ்லயோ காட்டினா கோட்டிங் திரும்ப எழும்பும்.

அப்புறம் ஈரத்தோட சுருட்டி அதோட பைக்குள்ளயே திணிச்சு பீரோல போடாதீங்க, கடலோர ஊர்ல இருக்குறவங்க முக்கியமா. பாலியூரித்தேன் மெம்ப்ரேனும் டேப்பும் சூடும் ஈரமும் சேர்ந்தா தானா உடையும், ரெண்டு மூணு வருஷம் போடாம வெச்சு எடுத்தா உள்ள வெள்ளை வெள்ளையா உரிஞ்சு வரும். ஹேங்கர்ல மாட்டி வைங்க. செகண்ட் ஹேண்ட்ல ஹீலியமோ ஸ்டார்ம்ஷெல்லோ வாங்குறவங்க வெளிய பளபளன்னு இருக்குன்னு ஏமாறாம உள்பக்க ஃபோட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா வேண்டாம்னுடுங்க.

சைஸ் விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. வெஸ்ட்டுக்கு மேல ஜாக்கெட் போடுறவங்க ஒரு சைஸ் பெருசு எடுக்கணும், பையை கழட்டாமலே போடலாம் கழட்டலாம், பை உரசலும் கிடையாது, ஆனா தண்ணி பாட்டிலை எடுக்க ஜிப்பை திறக்கணும். உள்ள போடுறவங்களுக்கு சரியான சைஸ், ஆனா தோள்ல உரசல். நான் மேல போடுற கட்சி, மழை விட்டு விட்டு பெய்யுற மலைல ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி ஏத்திட்டு இருக்க முடியாது. கடைக்கு போகும்போது பாட்டில் ரொப்பின வெஸ்ட்டை மாட்டிட்டே போங்க, ஜாக்கெட்டை மேல போட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க, வயிறு தெரிஞ்சா அடுத்த சைஸை கேளுங்க.