பாரோவா, லெண்டா?

"கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" சிங்கப்பூரில் பள்ளியிலும் அலுவலகத்திலும் சகஜமாகக் காதில் விழும் வாக்கியம். எல்லாருக்கும் புரியும், ஆனால் தேர்வுத்தாளில் பிழைதான்.

பாரோ என்றால் இரவல் வாங்குவது, லெண்ட் என்றால் இரவல் கொடுப்பது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் லெண்ட் செய்ய முடியும். ஆகவே "கேன் யூ லெண்ட் மீ", அல்லது "கேன் ஐ பாரோ".

மலாய்ப் பேச்சு வழக்கின் 'பிஞ்சாம்', மாண்டரினின் 'ஜியே' இரண்டுமே கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் பொது. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது. தமிழில் வாங்கு, கொடு தனித்தனி. நாமும் தடுமாறுவது வெறும் பழக்கதோஷம்.

பாரோவுக்குப் பின் ஃப்ரம்: "ஐ பாரோட் இட் ஃப்ரம் த லைப்ரரி". லெண்ட் ஆளை நேராக ஏற்கும்: "லெண்ட் மீ த புக்". பொருள் முந்தினால் டு சேர்க்கணும்: "லெண்ட் த புக் டு மீ". இறந்தகாலத்தில் 'லெண்டட்' கிடையாது. lend-இன் கடைசி டி (d) போய் டீ (t) வரும்: lent.

"கேன் ஐ பாரோ யுவர் டாய்லெட்?" என்றும் கேட்கிறார்கள். கையோடு எடுத்துப்போய்த் திருப்பித் தர முடியாததற்கு 'யூஸ்' போதும்.